இரண்டாவது ஹேட்

சிவப்பு மைப் பேனா ஒரு மனிதனுக்குத் தரும் துணிச்சலைப் பற்றி யாராவது ஆராய வேண்டும். கையில் நீல மைப் பேனா இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று அகப்பட்டது சிவப்பு. எதிரே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் ஆங்கில நோட்டு விரிந்து கிடந்தது. இதை விதி என்று நான் சொல்கிறேன். என் மனைவி வேறு ஒரு சொல் வைத்திருக்கிறாள்.

மகள் எழுதியிருந்த வாக்கியத்தின் பொருள் இவ்வளவுதான்: 'பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் காலைச் சாப்பாட்டை முடித்திருந்தேன்.' உண்மையில் அவள் அன்று அரை இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆனால் பொய் சொல்வது இலக்கணப் பிழையில் சேராது. என் கண்ணை உறுத்தியது வேறு. வாக்கியத்தின் நடுவே 'ஹேட் ஹேட்' என்று ஒரே சொல் இரண்டு முறை ஒட்டி நின்றது.

"என்னம்மா, ஒரே வார்த்தையை ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கே? டிவியைப் பார்த்துக்கிட்டே எழுதினியா?"

"இல்லப்பா, அது அப்படித்தான் வரும்."

"எனக்கே சொல்றியா? இருபத்தஞ்சு வருஷமா ஆபீஸ் ஃபைல்ல இங்கிலீஷ்லதான் நோட் போடுறேன்."

ஆபீஸ் ஃபைலில் நான் போடும் நோட்டில் மொத்தம் இரண்டே வாக்கியங்கள் உண்டு. ஒன்று, 'மேலே உள்ளதைப் பார்க்கவும்.' மற்றது, 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.' இரண்டிலும் ஹேட் கிடையாது. இதை மகளிடம் சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது ஹேட்டை அழகாக ஒரு கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதி, சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. நான் அடித்த ஹேட்டுக்குக் கீழே ஆசிரியை புள்ளி புள்ளியாக வைத்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார். என் 'கவனம் தேவை'க்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதன் முனையில், 'பெற்றோர் தயவுசெய்து வீட்டுப்பாடத்தைத் திருத்த வேண்டாம்.' அதற்குக் கீழே, 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கோடு. போட்டேன். நீல மையில்.

மனைவி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஏங்க, சாப்பிட்டு நல்லாத்தானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிழை எங்கே வேர்விட்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் தமிழ். காலம் மூன்று என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். இறப்பு, நிகழ்வு, எதிர்வு. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் அதைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இறந்த காலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலையைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நிம்மதியாக இருந்தது. மணி அடித்தது. இரண்டாம் பீரியட் ஆங்கிலம். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, காலம் 12 என்றார். நாற்பத்தைந்தே நிமிடத்தில் ஒன்பது காலம் கூடுதலாக வந்து சேர்ந்தது எங்கிருந்து என்று கேட்க வகுப்பில் ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை. பிரம்பு ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு எல்லாக் காலத்திலும் வினை உண்டு.

அந்தப் 12 கட்டங்களில் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்ற கட்டத்தில் எப்போதும் இரண்டு வாக்கியங்கள் குடியிருந்தன. ஒன்றில், நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே ரயில் போயிருந்தது. மற்றதில், டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்திருந்தார். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அந்த நோயாளி வருடம் தவறாமல் இறந்தார். ஒரு வருடமாவது அந்த டாக்டர் பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கிளம்பியிருந்தால் நோயாளி பிழைத்திருப்பார், இலக்கணம் செத்திருக்கும். இதனால்தான் இதற்கு இறந்த காலம் என்று பெயர் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆசிரியர் கையில் இருந்த தடிப் புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். இந்தியாவில் ஆங்கிலம் படித்தவர் அதற்குத் தப்பியது அரிது. அதில் வரும் ரென் என்பவர், இந்தியக் கல்விப் பணியில் வேலை பார்த்த பி. சி. ரென். அவர் நாவலாசிரியரும்கூட என்பது பள்ளியை விட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 1924-இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' அவருடைய புகழ்பெற்ற நாவல். பாலைவனத்தில் ஒரு பிரெஞ்சுக் கோட்டை. அதைக் காப்பாற்ற ஒரு படை போகிறது. போய்ப் பார்த்தால் மதில் நெடுகிலும் வீரர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அத்தனை பேரும் பிணம். கதையே இப்படித்தான் தொடங்குகிறது. படை வருவதற்கு முன்பே எல்லோரும் இறந்திருந்தார்கள்! டாக்டரும் நோயாளியும் எந்த வம்சத்தில் வந்தவர்கள் என்று அப்போது புரிந்தது.

'பெர்ஃபெக்ட்' என்ற சொல்லும் என்னை ஏமாற்றியிருக்கிறது. குறையில்லாதது என்றுதான் நினைத்திருந்தேன். என் கடந்த காலத்துக்கும் குறையின்மைக்கும் என்ன சம்பந்தம்? கல்யாண ஆல்பத்தைப் பார்த்தாலே தெரியுமே. ஆனால் லத்தீன் மூலத்தில் அதற்கு 'முடிந்துபோனது' என்றுதான் பொருளாம். நல்லதோ கெட்டதோ, முடிந்தது முடிந்ததுதான். இந்தப் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு இன்னொரு பழைய பெயர் 'ப்ளூபெர்ஃபெக்ட்'. முடிந்ததற்கும் மேலாக முடிந்தது என்று அர்த்தம். நான் வாங்கிப் போட்ட மனையைப் பற்றி வக்கீல் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான்.

சரி, ஹேட் விவகாரத்துக்கு வருவோம். முதலில் இந்தச் சொல்லைத் தமிழில் எழுதுவதே பெரும்பாடு. 'ஹாட்' என்று எழுதினால் சூடு. 'ஹெட்' என்று எழுதினால் தலை. 'ஹேட்' என்று எழுதினால் வெறுப்பு. மூன்றும் என்னிடம் உண்டு என்பதால் கடைசியை வைத்துக்கொண்டேன்.

இது 'ஹேவ்' என்ற வினையின் இறந்த காலம். ஹேவ் என்றால் வைத்திருத்தல். ஆங்கிலேயர் அதோடு நிறுத்தவில்லை. அவருக்குக் காலைச் சாப்பாடும் ஹேவ், காபியும் ஹேவ், குளியலும் ஹேவ், சண்டையும் ஹேவ். தலைவலியைக்கூடச் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். கையில் அகப்பட்டதையெல்லாம் இப்படி ஹேவ் பண்ணிப் பழகியவர்கள் ஒரு நாள் கப்பலேறிச் சூரத்துக்கு வந்ததில் வியப்பில்லை. இப்போது அந்த ராஜ்ஜியம் ஹேட்.

ஒரு செயலுக்கு முன்னால் இன்னொரு செயல் முடிந்திருந்தால், முடிந்ததைச் சொல்ல ஒரு ஹேட் போடுகிறார்கள். முடிந்த செயல் சாப்பிடுவதாக இருந்து, அதற்கும் ஹேவ் என்ற வினையையே வைத்துக்கொண்டால், அது தன் பங்குக்கு இன்னொரு ஹேட்டாக வந்து உட்காரும். கல்யாணப் பந்தியில் ஒரே நிறச் சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்ததுண்டா? ஒருவன் பரிமாறுகிறான், ஒருவன் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஹேட் ஹேட் என்பது அதுதான். முன்னால் நிற்பது பரிமாறுகிறவன். நான் சிவப்புக் கோட்டைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. ஆங்கிலத்தில் 11 ஹேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வாக்கியம் ஒன்று உண்டு. இரண்டு மாணவர்கள், ஒருவன் ஒரு ஹேட் எழுதுகிறான், மற்றவன் இரண்டு ஹேட் எழுதுகிறான், ஆசிரியருக்கு இரண்டாமவன் எழுதியதுதான் பிடித்துப்போகிறது. கமாவையும் மேற்கோள் குறியையும் எடுத்துவிட்டால் பைத்தியம் பிடிக்கும். போட்டால், சரியான இலக்கணம். சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் இதை ஆவலோடு விளக்கினேன்.

"பதினோரு ஹேட்! ஒண்ணுகூடத் தப்பில்லை, தெரியுமா?"

"நானும் பதினோரு தடவை சொன்னேன், கேஸ் புக் பண்ணுங்கன்னு."

"இதோ பண்றேன்."

"வேண்டாம். பண்ணியாச்சு."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. பாஸ்ட் பெர்ஃபெக்ட் படிக்க நான் ரென்னிடமும் மார்ட்டினிடமும் போயிருக்கவே வேண்டாம். அது எங்கள் வீட்டுச் சமையலறையில் நாள் முழுவதும் நடமாடிக்கொண்டிருந்தது.

தமிழில் ஹேவ் என்ற வினையே கிடையாது. 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்', 'என்னிடம் பணம் இல்லை' என்போம். மகளானாலும் பணமானாலும் அதுவாக இருக்கிறது, அல்லது அதுவாக இல்லாமல் போகிறது. நாம் பக்கத்தில் நிற்கிறோம். அதனால் முடிந்துபோன செயலையும் நாம் 'வைத்திருப்பது' இல்லை. 'இரு' என்ற வினையைக் கூப்பிட்டு ஒட்டவைக்கிறோம். செய்து, இருந்தேன், செய்திருந்தேன். ஆங்கிலேயர் செய்ததைச் சொத்தாக வைத்துக்கொள்கிறார். நாம் செய்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். இதில் என் தனித்திறமை, செய்யாமலேயே சும்மா இருப்பது.

இந்த 'இரு'தான் ஒருமுறை ஆபீஸிலும் என் மானத்தை வாங்கியது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி, போன வாரம் எங்கே ஆளைக் காணோம் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். 'மதுரைக்குப் போயிருந்தேன்' என்பதை மனதில் நினைத்து, அப்படியே ஒரு ஹேட் போட்டுச் சொன்னேன். நம் 'போயிருந்தேன்'னுக்குள் போனதும் வந்ததும் இடையில் ஊரில் இல்லாததும் அடக்கம். அதில் வேறு எந்தக் கதையும் பாக்கி இல்லை. ஆங்கிலத்தில் ஹேட் போட்டால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்று வரப்போகிறது என்று பொருள். அவர் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "சரி, அப்புறம்?" என்றார். நான் யோசித்தேன். "அப்புறம் வந்துட்டேன் சார்" என்றேன்.

எங்கள் வீட்டில் இந்த 'இரு' செய்யும் பெரிய வேலை துப்பறிவது. காலையில் வாசலில் ஈரத்தைப் பார்த்தால் 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். பெய்ததை யாரும் பார்க்கவில்லை, தடயம் பேசுகிறது. பாத்ரூமில் சொட்டும் குழாயைப் பார்த்து என் மனைவி, 'யாரோ சரியா மூடாம வந்திருக்காங்க' என்பாள். வீட்டில் இருப்பது மூன்று பேர். பாத்ரூமுக்குள் போனவர் ஒருவர். ஆனாலும் 'யாரோ'தான். நேரடியாக 'நீங்க மூடலை' என்றால் நான் வாதாடுவேன். 'மூடாம வந்திருக்காங்க' என்பது விசாரணை முடிந்து எழுதிய தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

'ஆச்சு' இதைவிட ஒரு படி மேல். வாங்கியாச்சு, கட்டியாச்சு, சொல்லியாச்சு. யார் வாங்கினார், யார் கட்டினார் என்று அதில் ஆளே தெரியாது. பெருமையை மறைத்துக்கொள்ளும் வினை. நான் ஒரு பல்பு மாற்றினால் அதற்கு நான்கு எழுவாய் போட்டுச் சொல்வேன். அவள் ஒரு மாதத்துக் குடும்பத்தை நடத்திவிட்டு 'ஆச்சு' என்று கையைத் துடைத்துக்கொள்வாள்.

நிலைமை இப்படி இருக்கும்போது பள்ளியில் அடுத்த வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். 'உன் குடும்பத்தைப் பற்றிப் பாஸ்ட் பெர்ஃபெக்டில் ஐந்து வாக்கியம் எழுது.' இம்முறை நான் பேனாவைத் தொடவில்லை. மகள் எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஒன்று. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே அது அவர் நெற்றிக்கு ஏறியிருந்தது.

இரண்டு. அப்பா குடையைக் கண்டுபிடித்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.

மூன்று. அப்பா குழாயைக் கழற்றியபோதே அம்மா பிளம்பருக்குப் போன் பண்ணியிருந்தார்.

நான்கு. அப்பா கரண்ட் பில் கட்ட வரிசையில் நின்றபோது அம்மா அதை வீட்டிலிருந்தே கட்டியிருந்தார்.

ஐந்து. அப்பா ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் தூங்கியிருந்தோம்.

ஆசிரியை ஐந்துக்கும் டிக் போட்டு, கீழே 'கற்பனை வளம் நன்று' என்று எழுதியிருந்தார். மனைவி நோட்டை வாங்கி மறுபடி படித்தாள். "இதுல எதும்மா கற்பனை?" என்று மகளைக் கேட்டாள்.

என்னை உறுத்தியது கேலி இல்லை. அதெல்லாம் எனக்குப் பழக்கம். இந்த வகை வாக்கியத்தில் இரண்டு செயல் உண்டு. முந்தி முடிந்ததற்கு ஹேட். பிந்தி வந்ததற்கு வெறும் சாதாரண இறந்த காலம். ஐந்து வாக்கியத்திலும் ஹேட் வாங்கியவர்கள் யார் யார்? மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கிறது, மழை வாங்கியிருக்கிறது, மனைவி இரண்டு முறை வாங்கியிருக்கிறாள், தூக்கம்கூட வாங்கியிருக்கிறது. எனக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்திலும் நான்தான் பிந்தி வந்தவன். பள்ளிக்கூடத்து டாக்டரை அத்தனை வருடம் திட்டினேனே, அவர் வேறு யாரும் இல்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு ஹேட்டாவது வாங்கியே தீருவது என்று முடிவுசெய்தேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். எங்கள் உறையூர்த் தெருநாய்கள் என்னை அந்த நேரத்தில் பார்த்திராததால் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டன. பூத்தில் முதல் ஆளாக நின்று இரண்டு பாக்கெட் பால் வாங்கி, வெற்றியோடு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே இரண்டு பாக்கெட் இருந்தது. "நேத்து ராத்திரியே வாங்கியாச்சே" என்றது படுக்கையிலிருந்து ஒரு குரல். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மூன்று நாள் வீட்டில் தயிர் சாதம்.

இதற்குள் தீபாவளி வந்தது. மாமியார் ஊரிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம் அனுப்பியிருந்தார். நல்ல பாகு வெல்லம், ஏலக்காய், சுக்கு. அழுத்தினால் நெய் கண்ணீர் விடும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக என்னை டாக்டர் எச்சரித்திருந்தார். இலக்கணப் புத்தக டாக்டரைப் போல இல்லை, இவர் முந்திக்கொண்டவர். எனவே டப்பா பரண்மேல் ஏறியது.

இரண்டு நாள் கழித்து, மாலை மனைவி ஸ்டூல் போட்டு அதை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். எண்ணினாள்.

"இருபது இருந்துச்சு. பதினாறுதான் இருக்கு. யாரோ எடுத்திருக்காங்க."

நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். "பூனையா இருக்கும்."

"ஆமா. பூனை ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கு. ஏறி, மூடியைத் திருகியிருக்கு. நாலே நாலு தின்னுட்டு மறுபடி மூடி வெச்சிருக்கு. ஸ்டூலைத்தான் எடுத்த இடத்துல வைக்க மறந்திருக்கு." அவள் பார்வை தரையில் நகர்ந்தது. நானும் பேப்பருக்குக் கீழே பார்த்தேன். பரணுக்கு அடியிலிருந்து எறும்புச் சாரை ஒன்று புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, என் நாற்காலியை நோக்கி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சிவப்பு எறும்பு.

மகள் அதுவரை மூலையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஐந்துக்குக் கீழே புதிதாக ஆறாவது வாக்கியம். 'அம்மா டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அப்பா நாலு அதிரசத்தைச் சாப்பிட்டிருந்தார்.' சாப்பிடுவதற்கு அவள் ஹேவையே போட்டிருந்தாள். ஆகவே அப்பாவுக்குப் பக்கத்தில் ஹேட் ஒன்றல்ல, இரண்டு.

மாட்டிக்கொண்டோம் என்ற கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். நெஞ்சு விம்மியது உண்மை. இந்த வீட்டில் மனைவிக்கு முன்னால் நான் முடித்துவிட்ட ஒரு காரியம், எழுத்தில், ஆதாரத்தோடு. பரிமாறியவனும் நான், சாப்பிட்டவனும் நான்.

மகள் சிவப்புப் பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். "அப்பா, இதுல ஏதாவது அடிக்கணுமா?"

"வேண்டாம்மா. ரெண்டும் இருக்கட்டும்" என்றேன்.

"டப்பாவுல பதினாறும் இருக்கட்டும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.